எழுபது வளைவுகளின் சூடு

பெரக்கரை நாட்டில் அந்த வீட்டு வாசலுக்குப் போனபோது மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மாசி மாதத்துக் காலை வெயில். தார்ப்பாயில் பரப்பியிருந்த மிளகைக் காலால் துழாவிவிட்டபடி நண்பரின் அம்மா நடந்துகொண்டிருந்தார். களத்தின் ஓரத்தில் ஒரு பழைய மாருதி 800, முன் சக்கரத்துக்கு ஒரு கல், பின் சக்கரத்துக்கு ஒரு கல் என்று அண்டை கொடுத்து நின்றது.

"நேத்து கீழ எறங்கறப்ப பெடல் அப்படியே உள்ள போயிடுச்சுங்கண்ணா. நாலு தடவ விட்டு விட்டு மிதிச்சப்புறம்தான் பிடிச்சுது. காரவள்ளில நிறுத்தி ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தா பிரேக்கு எப்பவும்போல கிண்ணுனு நிக்குது. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் நண்பர்.

போன பிரேக் எப்படித் தானாகத் திரும்பி வந்தது? எண்ணெய் ஒழுகவில்லை, எதுவும் உடையவில்லை. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான். அதற்கு முதலில் மலையைப் பார்க்க வேண்டும்.

கொல்லிமலையில் ஊர்களை நாடு நாடாகச் சொல்வது வழக்கம். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்ற வரிசையில் பெரக்கரை நாடும் ஒன்று. அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து மலைமேல் சோளக்காடு வரும்வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சாலை நீளம் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில். அதற்குள் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். ஏறும்போது என்ஜின் முனகுவது எல்லோருக்கும் கேட்கும். இறங்கும்போது வண்டி சத்தமில்லாமல் போவதால், அங்கே வேலை எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாருதி 800-இன் எடை சுமார் 650 கிலோ. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் 1000 கிலோ. ஆயிரம் கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்தில் வைத்திருந்தால் அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் 98 லட்சம் ஜூல். அறைச் சூட்டில் இருக்கும் 33 லிட்டர் தண்ணீரை, அதாவது ஏறக்குறைய மூன்று குடம் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைக்க இது போதும். மலையடிவாரத்தில் வண்டி நிற்கும்போது இந்த ஆற்றல் அத்தனையும் எங்காவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போய்ச் சேர வழிகள் கொஞ்சம்தான். உருளும் டயர் நசுங்கி நிமிரும்போது சூடாகிறதே, அது சுமார் 30 லட்சம் ஜூலை வாங்கிக்கொள்ளும். இந்த வேகத்தில் காற்றின் தடை சொற்பம். மீதி 68 லட்சத்தை என்ஜினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

என்ஜின் எப்படி வாங்கிக்கொள்ளும்? கியரில் இருக்கும்போது சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் காற்று நுழையும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். பிஸ்டன்கள் அந்த அடைப்புக்கு எதிராக மூச்சு இழுத்துத் திணறும். அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறிவிடும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இவ்வளவுதான்.

நண்பர் நியூட்ரலில் இறங்கியிருந்தார். பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ சொன்னார்களாம். கார்புரேட்டருக்குப் பிந்தைய, பெட்ரோலைத் தெளித்துக் கொடுக்கும் எம்பிஎஃப்ஐ வண்டிகளில் கியரில் இறங்கினால்தான் பெட்ரோல் தெளிப்பது நிற்கும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருப்பதற்காகத் தெளித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவுதான் ஆகிறது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், 68 லட்சம் ஜூலும் பிரேக்கின் தலையில் விழுந்துவிட்டது. நான்கு சக்கரத்திலும் உள்ள டிஸ்க், டிரம் இரும்பெல்லாம் சேர்த்துப் பதினைந்து கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று கொஞ்சமும் ஆற்றாவிட்டால் அந்தச் சூட்டில் அது 980 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். இரும்பு அதற்கு வெகு முன்பே, 500 டிகிரியைத் தாண்டியதும், இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். ஓடும் காற்று ஆற்றுவதால்தான் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் வளைவில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற வண்டிக்கு எவ்வளவு காற்று கிடைக்கும்?

இந்தச் சூட்டுப் பிரச்சினை காருக்கும் முந்தியது. இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிகளின் பிரேக் கட்டைகள் சரிவில் தேய்ந்து கருகுவதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், 1897-இல் நல்ல உராய்வுக் கட்டை செய்யத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துகளோடு இன்னொன்றைச் சேர்த்து மாற்றிப் போட்டு ஃபெரோடோ என்று அதற்குப் பெயர் வைத்தார். பிரேக் லைனிங் என்ற தொழிலே மலைச்சரிவில் பிறந்தது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. நம் பக்கத்தில் சென்னையில் 1960-களில் பிரேக்ஸ் இந்தியாவும் ரானே பிரேக் லைனிங்கும் தொடங்கப்பட்ட பிறகு இந்தச் சாமான்கள் உள்ளூரிலேயே கிடைக்க ஆரம்பித்தன.

இனி பெடலுக்கு வருவோம். காலால் 20 கிலோ அழுத்தம் கொடுக்கிறீர்கள். பெடல் ஒரு நெம்புகோல். அது நான்கு மடங்காக்கி 80 கிலோவாக மாஸ்டர் சிலிண்டரில் தள்ளுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர், முன் சக்கரத்தில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரில் உள்ள பிஸ்டனின் பரப்பு 18 என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் ஒன்றே என்ற பாஸ்கல் விதிப்படி அங்கே 480 கிலோ கிடைக்கும். இருபது கிலோ 480 ஆகிவிட்டது! ஆனால் இயற்கை எதையும் சும்மா தருவதில்லை. விசை கூடிய அளவுக்குத் தூரம் குறையும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் போனாலும் மூன்று சென்டிமீட்டர்தான் போகும். அது தள்ளக்கூடிய மொத்த எண்ணெய் 9 மில்லிலிட்டர். இரண்டு தேக்கரண்டிகூட முழுதாக வராது. நான்கு சக்கரத்தின் பிரேக்கும் இந்த 9 மில்லியை நம்பித்தான் இருக்கிறது.

திரவத்தை அழுத்தினால் சுருங்காது. ஆவியை அழுத்தினால் சுருங்கும். குழாயில் எங்கோ ஓர் இடத்தில் ஐந்து, ஆறு மில்லி அளவுக்கு ஆவிக் குமிழி உண்டாகிவிட்டால் போதும். கால் கொடுக்கும் தள்ளல் முழுவதும் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் தரையைத் தொடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். குமிழி உண்டாக எவ்வளவு தண்ணீர் வேண்டும் தெரியுமா? ஒரு மில்லி தண்ணீர் ஆவியானால் சாதாரணக் காற்றழுத்தத்தில் 1600 மில்லிக்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு போதும்.

பிரேக் ஆயிலுக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதைக் கெடுதல் என்று சொல்ல முடியாது. அது அந்த எண்ணெயின் குணம். ஆயில் என்று நாம் அழைத்தாலும் அது பெட்ரோலியத்திலிருந்து வரும் மசகு எண்ணெய் இல்லை. கிளைக்கால் ஈதர் என்ற வகை. உப்பு மழைக்காலத்தில் நீர்த்துப்போவதுபோல அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியின் காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும்கூட ஈரம் உள்ளே இறங்கும். புது டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி ஒப்புக்கொள்கிறது. டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. ஐப்பசி கார்த்திகையில் வாசற்படி வரை மேகம் வந்து உட்கார்கிற பெரக்கரை போன்ற ஊரில், இரண்டு மூன்று வருடம் மாற்றாத எண்ணெய் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒரு மணி நேரம் இப்போது புரிகிறதா? வளைவுகளில் சூடு ஏறியது. கேலிப்பருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெயின் ஈரம் கொதித்து ஆவியானது, பெடல் அமுங்கியது. விட்டு விட்டு மிதித்தபோது மாஸ்டர் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எண்ணெயைக் கூடுதலாக உள்ளே தள்ளி, குமிழியின் இடத்தை ஈடுகட்டியது. அடிவாரத்தில் ஆறியதும் ஆவி மறுபடி தண்ணீராகி எண்ணெயில் கரைந்துவிட்டது. தடயம் எதுவும் மிச்சமில்லை. எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தக் கோளாறில் என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

போனெட்டைத் திறந்தோம். பிரேக் ஆயில் டப்பாவில் எண்ணெய் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. புதிதாக இருந்தால் வெளிர் மஞ்சளாக இருக்கும். எப்போது மாற்றினது என்று கேட்டேன். "கொறையறப்ப ஊத்துவோம்" என்றார். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் என்ஜின் ஆயிலைப்போல எரிந்து குறையாது. டிஸ்கை உரசிப் பிடிக்கும் பேட் தேயத் தேயக் கேலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் கீழே இறங்கும். ஆகவே டப்பாவில் மட்டம் மெல்லக் குறைகிறது என்றால் பேட் தேய்ந்துவிட்டது என்று பொருள். சட்டென்று குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். இரண்டுக்கும் மருந்து மேலே ஊற்றுவது இல்லை.

சமதளமான இடத்துக்கு வண்டியைத் தள்ளினோம். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ நீட்டாதீர்கள். ஸ்டாண்டு இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இடது முன் சக்கரத்தைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்தது. உள் பக்கத்துப் பேட் இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம். வெளிப் பக்கத்துப் பேட் ஆறு இருந்தது. டிஸ்கின் முகத்தில் நீலம் பாய்ந்திருந்தது. இந்த வண்டியின் கேலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் உண்டு. அது உள் பேட்டைத் தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர்வினையால் கேலிப்பர் மொத்தமும் இரண்டு பின்களின்மேல் வழுக்கி வந்து வெளிப் பேட்டை இழுக்கும். பின்னில் கிரீஸ் காய்ந்து துரு ஏறினால் வழுக்காது. உள் பேட் டிஸ்கை விட்டு விலகாமல் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரத்தில் சூடு ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பழைய எண்ணெய், நியூட்ரல் பழக்கம், இறுகிய பின் என்று மூன்றும் ஒரே இறக்கத்தில் கூடியிருக்கின்றன.

கேலிப்பரைக் கழற்றினால் அதை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பி போட்டு மேலே கட்ட வேண்டும். பின்களை எமரி பேப்பரால் தேய்த்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸைத் தடவினோம். சாதாரண கிரீஸோ, பெட்ரோலோ, மண்ணெண்ணெயோ இங்கே ஆகாது. ரப்பர் அவற்றைக் குடித்து உப்பிவிடும். உப்பிய ரப்பர் கப்பு சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும். புதுப் பேட் தடியாக இருக்கும் என்பதால் பிஸ்டனை மெல்ல உள்ளே அமுக்க வேண்டும். அப்போது மேலே டப்பாவில் எண்ணெய் பொங்கும். அதைச் சிரிஞ்சால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். பேட்டை எப்போதும் ஜோடியாக, இடமும் வலமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எழுபது வளைவில் ஒரு பக்கம் பள்ளம்.

பின் சக்கரத்தில் டிரம். உள்ளே கறுப்புத் தூசி. அதை வாயால் ஊதவோ, காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அதன் இழை நுரையீரலில் போய் உட்கார்ந்தால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரலாம். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பட்டறைகளில் பையன்கள் டிரம்மைத் தரையில் தட்டி, முகத்துக்கு நேரே ஊதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. நண்பரின் வண்டியில் வீல் சிலிண்டர் கசியவில்லை, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவில் லைனிங் போதுமான அளவு இருந்தது. துடைத்து, இடைவெளியைச் சரிசெய்து மூடினோம். டிரம்முக்கு ஒரு குறை உண்டு: சூடேறினால் அது விரிந்து ஷூவை விட்டு விலகிப்போகும். டிஸ்க் சூடேறினால் தடித்துப் பேட்டை நோக்கி வரும். முன் சக்கரங்களில் டிஸ்க் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக எண்ணெய் மாற்றும் வேலை. மெக்கானிக்குகள் ஏர் எடுப்பது என்பார்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். எட்டாவது படிக்கும் நண்பரின் மகன் சீட்டு நுனியில் உட்கார்ந்து பெடலைப் பார்த்துக்கொண்டான்.

"மாமா, மிதிக்கட்டுமா?"

"மிதி. அப்படியே பிடி. நான் சொல்றவரைக்கும் விடாத."

எண்ணெயை வெளியே விடும் பிளீடர் நிப்பிளில் கண்ணாடிபோலத் தெரியும் குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறு நுனியைக் கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிய பாட்டிலில் அமிழ்த்தியிருந்தோம். அவன் அமுக்கிப் பிடித்ததும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தேன். கறுப்பு எண்ணெய் ஓடியது. மூடிய பிறகுதான் பெடலை விடச் சொன்னேன். வரிசை மாறினால் காற்றை உள்ளே இழுத்துவிடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கிப் பக்கத்தில் உள்ளதற்கு வருவது பொது வழக்கம். வண்டியின் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதுவே சரி. நடுவில் டப்பா வறண்டுபோகாமல் நண்பர் ஊற்றிக்கொண்டே இருந்தார். நான்கு சக்கரத்திலும் வெளிர் மஞ்சள் வரும்வரை விடவில்லை. சீல் உடைக்காத புது டப்பாதான் வாங்கியிருந்தோம். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த பாதி டப்பா, அலமாரியிலேயே ஈரம் குடித்து முடித்திருக்கும்.

வேலை முடிந்ததும் என்ஜினை அணைத்து, பெடலை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தோம், அமுங்கவில்லை. அழுத்திப் பிடித்தபடியே என்ஜினைக் கிளப்பினால் பெடல் ஒரு விரல் அளவு இறங்க வேண்டும். என்ஜினின் உறிஞ்சலால் மிதிக்குத் துணை செய்யும் பூஸ்டர் உள்ள வண்டியில், பூஸ்டர் வேலை செய்வதற்கு அதுவே அடையாளம். இறக்கத்தில் என்ஜினை அணைக்கவே கூடாது என்பதும் இதனால்தான். ஓரிரு மிதிக்குப் பிறகு பூஸ்டர் செத்துப்போய், பெடல் கல்லாக இறுகிவிடும். பிறகு மலைமேல் சமமான சாலையில் நாற்பது வேகத்தில் போய்ப் பத்துப் பன்னிரண்டு முறை மெல்லப் பிடித்து நிறுத்தி, புதுப் பேட்டை டிஸ்கோடு பழக்கினோம். மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போனாலோ, டிரம் கடைய வேண்டியிருந்தாலோ வீட்டில் கை வைக்க வேண்டாம். லாரிக்குப் பெயர்போன நாமக்கல் கீழேதான் இருக்கிறது. ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள், மெக்கானிக்கை மேலே வரச் சொல்லுங்கள்.

குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இதே சாலையில் இறங்கும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். இன்றைய லாரிகளில் காற்று பிரேக்; காற்று முழுதாகப் போய்விட்டால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும்படி வைத்திருக்கிறார்கள். காரில் அந்தக் காவல் இல்லை. திரவம் கைவிட்டால் ஹேண்ட் பிரேக்கும் கியரும்தான். அப்படி நேர்ந்தால் பெடலை வேகமாக விட்டு விட்டு மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள்.

ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் சமவெளியிலிருந்து வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. அவை இறங்கும் மாலையில் வளைவுகளில் கருகிய வாசனை அடிக்கும். சிலர் வண்டியை ஓரம்கட்டி, சிவந்த சக்கரத்தில் பாட்டில் தண்ணீரை ஊற்றுவார்கள். சூடான வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும், நெளியும். ஊற்றாதீர்கள். நின்ற உடனே ஆறிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஓட்டம் நின்றதும் காற்றும் நின்றுவிடுகிறது. டிஸ்கின் சூடு மெல்லக் கேலிப்பருக்குள் ஏறி எண்ணெயைக் கொதிக்கவைப்பது பெரும்பாலும் அந்த முதல் பத்து நிமிடத்தில்தான். அரை மணி நேரமாவது நின்று, புறப்படும் முன் பெடலை அழுத்திப் பார்த்துவிட்டு எடுங்கள்.

நண்பர் புது எண்ணெய் ஊற்றிய தேதியைப் பெயிண்டால் டப்பா மூடியில் எழுதி வைத்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடுத்த முறை கொல்லிமலைக்கு வருகிறீர்கள் என்றால், காரவள்ளியைத் தொடும் முன், உங்கள் ஊரிலேயே போனெட்டைத் திறந்து அந்த எண்ணெயின் நிறத்தை ஒருமுறை பாருங்கள்.